ஆட்நாவ் என்ன அண்ணா?

1

ஊரில் இருக்கிற உங்களுக்கு ஓட்டுச் சீட்டு என்றால் யாரோ கொண்டுவந்து கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகிற காகிதம். எனக்கு அது முழங்கால் வலி. புனே பக்கத்துச் சாங்வியில் லிஃப்ட் இல்லாத கட்டடங்கள் எவை, எந்த வீட்டில் நாய் கட்டாமல் கிடக்கும், எந்த வீட்டில் மணியை அடித்தால் குழந்தை எழுந்துவிடும் என்று திட்டுவார்கள், இதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஒவ்வொரு தேர்தலுக்கும் "இதுதான் கடைசி" என்று வீட்டில் சொல்லுவேன். என் மனைவி லட்சுமி, "போன தடவையும் இதத்தான சொன்னிய" என்று முருங்கைக்காயை நறுக்கிக்கொண்டே சொல்லுவாள்.

இந்தத் தடவை மாநகராட்சித் தேர்தல் சரியாகப் பொங்கலன்று வந்து விழுந்தது. கட்சி ஆபீசிலிருந்து எங்கள் பகுதித் தமிழர் வீடுகளுக்கான சீட்டுகளை ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தவர் வசந்த் பாவு. பாவு என்றால் மராட்டியில் சகோதரன். கட்சிக்காக எங்கள் தெருக்களைக் கவனிப்பவர் அவர். அவருக்குத் தமிழர்களைக் கவனிப்பவன் நான். முப்பது வருடமாக இப்படித்தான் நடக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, கூடத்துத் தரையில் சீட்டுகளைப் பரப்பி வீடுவாரியாகப் பிரித்தேன். சீட்டு எல்லாம் மராட்டி எழுத்து. எட்டாம் வகுப்புப் படித்த எனக்கு அதை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். இசக்கியக்கா வீட்டுக்கு நாலு. டெய்லர் வீட்டுக்கு மூன்று. கோந்த்வா பக்கம் குடிபோனவர்களுக்குக்கூடப் பழைய முகவரியில் சீட்டு வந்திருந்தது. என் பெயருக்கு ஒன்று, லட்சுமி பெயருக்கு ஒன்று.

என் மகள் மாலாவுக்கு இல்லை.

பையை உதறினேன். பாயைத் தூக்கிப் பார்த்தேன். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினேன். இல்லை.

அடுத்தவர் வீட்டுப் பிள்ளை என்றால் "அட, விட்டுப்போச்சு போல" என்று போயிருப்பேன். ஆனால் வீடு வீடாகப் போய் "பேரு லிஸ்ட்ல இருக்கான்னு பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று கத்தின தொண்டை என்னுடையது. என் வீட்டிலேயே ஓட்டில்லை என்றால் நாளைக்கு எந்த முகத்தோடு அடுத்த கதவைத் தட்டுவது? அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் சொன்னால் சிரிப்பீர்கள். மாலா ஹிஞ்சவடியில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறவள். கோயிலுக்கு வருவதை விட்டுவிட்டாள். கார்த்திகைக்கு அவளுக்கு மீட்டிங், சஷ்டிக்கு அவளுக்கு டார்ஜெட். நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகச் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டுகிற காரியம் என்று மிச்சமிருப்பது ஓட்டுப் போடப் போவது ஒன்றுதான். அதுவும் போய்விடுமோ என்று இருந்தது.

2

இந்த இடத்தில் என் பெயரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

என் பெயர் சுடலைமுத்து. எனக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகள் நிலைக்கவில்லை. மூன்றாவதாவது தங்கினால் உன் பெயரை வைக்கிறேன் என்று என் அப்பா சுடலைமாடசாமியிடம் நேர்ந்துகொண்டார். தங்கினேன். ஆகவே இது எங்கள் வீட்டில் பெயர் மட்டும் இல்லை, சாமிக்குக் கொடுத்த வாக்கு.

கல்யாணமான புதிதில் பிம்ப்ரியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் வேலை கிடைத்து வந்தேன். சேர்ந்த அன்று கம்பெனி டாக்டர் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், நெஞ்சில் குழாய் வைத்தார். மறுநாள் ரேஷன் கார்டுக்கு மனுக் கொடுக்கப் போனேன். பெயரை மட்டும் இங்கிலீஷில் எழுதியிருந்தேன். குமாஸ்தா தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஆட்நாவ்?"

புரியவில்லை. நின்றேன்.

"அரே, ஆட்நாவ்! ஆட்நாவ் காய்?"

எனக்குக் காதில் விழுந்தது 'நாவு' மட்டும்தான். ஆடுகிற நாவு. நேற்று டாக்டர் பார்த்தார், இன்று இவர் பார்க்கிறார், இந்த ஊரில் அரிசி கொடுப்பதற்கு முன்னால் நாக்கைச் சோதிப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, நாக்கை நன்றாக நீட்டிக் காட்டினேன்.

ஆபீசே சிரித்தது. ஒரு அம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். குமாஸ்தாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, கோபம் வந்துவிட்டது. எனக்குப் பின்னால் நின்ற ஒரு ஆள் முன்னால் வந்து அவரைச் சமாதானப்படுத்தினார். பிறகு என்னிடம் ஹிந்தியில் கையையும் காலையும் ஆட்டி விளக்கினார். மராட்டியில் 'நாவ்' என்றால் பெயர். 'ஆட்நாவ்' என்றால் குடும்பப் பெயர். இங்கே ஒருவனின் ஆட்நாவைக் கேட்டால் அவன் ஊர், அவன் ஆட்கள் எல்லாம் தெரிந்துவிடும். அது இல்லாமல் ஒரு தாளும் நகராது.

"எங்களுக்கு அது கிடையாதுங்க" என்றேன்.

"கிடையாதுன்னு ஒரு கட்டம் இங்க கிடையாது" என்றார் அந்த ஆள். அவர்தான் வசந்த் பாவு. அவரே என் தாளை வாங்கி, என் பெயரை வெட்டினார். ஆட்நாவ் என்ற கட்டத்தில் 'சுடலை'. பெயர் என்ற கட்டத்தில் 'முத்து'. அரிசி கிடைத்தது. அன்றைக்குச் செய்த உதவிக்குத்தான் இன்றைக்குவரை மாடி ஏறிக்கொண்டிருக்கிறேன் என்று லட்சுமி சொல்லுவாள். பொய்யில்லை.

அதற்குப் பிறகு அந்த முழுப் பெயரைச் சொல்லி இந்த ஊரில் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. தெற்கிலிருந்து வந்தவன் எவனும் இங்கே 'அண்ணா'தான். இட்லி விற்கிறவனும் அண்ணா, டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிறவனும் அண்ணா, என்னைவிடப் பத்து வயது மூத்த வசந்த் பாவுக்கும் நான் அண்ணா.

3

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கட்டடத்துப் பார்க்கிங்கில் தமிழ்ப் பெண்களைக் கூட்டி ஓட்டுப் போடப் பழக்குகிற கூட்டம். ஏற்பாடு நான்தான். ஷாமியானா கட்டுகிறவனைப் பிடிப்பது, நாற்காலி, மைக், எல்லாம். லட்சுமி ஒரு அண்டா சுண்டல் செய்திருந்தாள். பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன வேட்பாளர் பன்னிரண்டரைக்கு டோல் மேளச் சத்தத்தோடு வந்து, கைகூப்பி "வண்ணக்கம், இட்லி சாம்பார் லய் பாரி" என்று, அதாவது பிரமாதம் என்று சொல்லிவிட்டு, சுண்டலை வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டார். முப்பது வருடமாக எல்லாத் தேர்தலிலும் எங்களுக்குக் கிடைக்கிற கொள்கை விளக்கம் இதுதான்.

வேலை அதற்குப் பிறகுதான் இருந்தது. எங்கள் வார்டுக்கு நாலு பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் நாலு ஓட்டு. நாலு பட்டனும் அழுத்தி முடித்தால்தான் மெஷின் நீளமாகக் கத்தும். அட்டையில் நாலு நிறத்தில் தாள் ஒட்டி ஒரு மெஷின் செய்து வைத்திருந்தேன்.

எங்கள் கீழ்வீட்டு இசக்கியக்கா எழுபது வயதுக்காரர். ஊர்க்காரர், பேச்சு மாறவே இல்லை. அட்டையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ஏ தம்பி, ஒருத்தி நாலு ஓட்டுப் போட்டா அது கள்ள ஓட்டு இல்லியா?"

"இல்லக்கா. இங்க சட்டமே அப்பிடித்தான். ஆளுக்கு நாலு."

"எங்க ஊர்ல ரெண்டாவது ஓட்டுப் போடப் போன பெரியசாமிய சட்டயப் புடிச்சி இழுத்துட்டுப் போனான் போலீசு. நீ என்னைய நாலு போடச் சொல்லுத."

"யக்கா, நாலும் போடலேன்னா மெஷினு கத்தாது. பின்னால நிக்கிறவங்க எல்லாம் நின்னுக்கிட்டே இருப்பாங்க."

"நிக்கட்டும். நான் ஒண்ணு போட்டுட்டு நேர்மையா வெளிய வந்துருவேன்."

பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டேன். மனசு மாலா சீட்டில் இருந்தது. முந்தின நாளே வசந்த் பாவுக்குப் போன் செய்து, பெயரை எப்படியாவது தேடிப் பாருங்கள் என்று கெஞ்சியிருந்தேன். மாலாவிடம் கேட்டதற்கு, "இருக்கும்பா, சரியாத் தேடச் சொல்லுங்க" என்று கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். ஏதோ சொல்ல வந்து நிறுத்தினது போல எனக்குப் பட்டது. களைப்பில் விட்டுவிட்டேன்.

இசக்கியக்கா மூன்றாவது பட்டன்வரை வந்திருந்தபோது வசந்த் பாவு ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஒரு சீட்டை ஆட்டிக்கொண்டே வந்தார்.

"அண்ணா! மிளாலி!"

கிடைத்துவிட்டது என்கிறார். சுப்பிரமணியா என்று வாயால் சொல்லிவிட்டு வாங்கினேன்.

"பேரைப் போட்டுத் தேடினா வரவே இல்ல. வீட்டு நம்பரைப் போட்டுத் தேடினேன். ஒரே வீட்டு நம்பர், அதே வயசு, அதே மாலா. ஆனா நீ ஸ வரிசையில தேடச் சொன்ன, அவ ம வரிசையில உக்காந்திருக்கா." அவர் மராட்டியில் சொல்லச் சொல்லச் சத்தமும் கூடியது. "அரே அண்ணா, துஜி முல்கி தர் மராட்டி ஜாலி!"

உன் மகள் மராட்டிக்காரியாகவே ஆகிவிட்டாளே என்கிறார்.

சீட்டில் முதல் சொல்லை எழுத்துக்கூட்டினேன். மு. ட்டே. முட்டே. அதற்கடுத்து மாலா. அதற்குமேல் எனக்கு எழுத்து ஓடவில்லை.

முட்டே என்று இங்கே மராட்டிக் குடும்பங்கள் உண்டு. புனே நகருக்குள் ஓடுகிற ஆற்றுக்கும் முட்டா என்றுதான் பெயர். ஆனால் எங்கள் வீட்டில் முட்டே யார்?

"என்ன தம்பி, பேரு வந்துட்டா?" என்றார் இசக்கியக்கா.

"வந்துட்டுக்கா."

"அப்ப ஏன் முகம் இப்பிடி இருக்கு?"

சுண்டல் தீர்ந்துவிட்டதா என்று பார்க்கப் போகிறவன் போல எழுந்து போய்விட்டேன்.

4

மூன்று நாள் நான் மாலாவிடம் பேசவில்லை. கேட்டால் என்ன வருமோ என்ற பயம்தான். சீட்டை சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு, மற்ற சீட்டுகளை எடுத்துக்கொண்டு மாடி மாடியாக ஏறினேன். ஒவ்வொரு வீட்டிலும் பெயரை வாசித்துக் கொடுப்பது வழக்கம். வாசிக்கும்போதுதான் கவனித்தேன். எத்தனை பேரின் பெயரை நானே வெட்டியிருக்கிறேன். பெயர் சேர்க்கும் முகாம்களில் மனு எழுதிக் கொடுத்தவன் நான். "ஆட்நாவ் என்ன எழுத அண்ணா?" என்று கேட்பார்கள். "அப்பா பேரைப் போடு", "பேரு நீளமா இருக்கு, ரெண்டா ஒடச்சுப் போடு" என்று வரிசை நகர்ந்தால் போதும் என்று எழுதிக்கொண்டே போயிருக்கிறேன். இசக்கியக்காவின் பிள்ளைகள் இரண்டு பேருக்கு இரண்டு ஆட்நாவ். கூடப்பிறந்தவர்கள் என்று தாளைப் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள்.

பொங்கலுக்கு முந்தின நாள் மராட்டியர்களுக்கு சங்கராந்தி. எதிர்வீட்டு அம்மாள் எள்ளுருண்டைத் தட்டோடு வந்தார். அன்று எள்ளுருண்டை கொடுக்கும்போது "திள்குள் க்யா, கோட் கோட் போலா" என்று சொல்லுவது இவர்கள் வழக்கம். எள்ளுருண்டை வாங்கிக்கோங்க, இனிக்க இனிக்கப் பேசுங்க. எனக்கு ஒன்று, மாலாவுக்கு ஒன்று கொடுத்துவிட்டுப் போனார். அதை வாயில் போட்டு மெல்லும்போதே என்னால் அடக்க முடியவில்லை. சாமி படத்துக்குப் பின்னாலிருந்து சீட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"இது யாரு?"

பார்த்தாள். "நான்தான்."

"யாரக் கேட்டு மாத்துன?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லுவீங்க. அதனாலதான் கேக்கல." அவள் தமிழ் நின்று நின்று வரும். "ரெண்டு வருசம் ஆச்சுப்பா. கெஜட்ல போட்டேன். ஆதார், பேங்க்கு எல்லாம் ஆச்சு. ஓட்டர் கார்டுதான் லாஸ்ட். சொல்லணும்னுதான் இருந்தேன்."

"நம்ம பேருல என்ன குத்தம் கண்ட?"

"மராட்டில 'சுட்லய்'னா என்ன?"

எனக்குத் தெரியும். கழன்றுவிட்டது, அவிழ்ந்துவிட்டது என்று அர்த்தம். தொப்பை போட்டவனை 'போட் சுட்லய்' என்பார்கள், வயிறு கழன்று தொங்குகிறது என்று.

"டீச்சர் பேரு வாசிச்சு ஹஜேரி எடுக்கும்போது 'சுடலை மாலா'ன்னு சொல்ல வராது. 'சுட்லய் மாலா'ன்னு கூப்பிடுவாங்க. பின்னாடி இருந்து ஒருத்தன் 'காய் சுட்லய்?'ம்பான், என்ன கழண்டுச்சுன்னு. எல்லாரும் சேந்து 'போட் சுட்லய்!'. ரோஜ், அப்பா. டென்த் வரைக்கும் தினமும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேன். மூணாங் கிளாஸ்ல. 'சாமி பேரச் சொல்லிச் சிரிக்கிறவனுக்கு வயித்து வலி வரும், பாரு'ன்னு சொன்னீங்க. நான் வெயிட் பண்ணிப் பண்ணிப் பாத்தேன். ஒருத்தனுக்கும் வரல."

அடுப்படியில் லட்சுமி சிரித்துவிட்டு, சிரித்ததை மறைக்கப் பாத்திரத்தை உருட்டினாள். எனக்குக் கோபம் அதிகமாகிவிட்டது.

"அதுக்காக? எங்க அப்பா நேந்துக்கிட்ட பேரு அது. அதுல இருந்து சாமியத் தள்ளிவிட்டுட்டு முத்த மட்டும் எடுத்துக்கிட்ட. அதயும் முட்டேன்னு ஆக்கிட்ட."

"நான் எம், யூ, டி, ஹெச், ஈன்னு முத்தேதான் போட்டேன். அவங்க முட்டேன்னு வாசிக்கிறாங்க. என்ன செய்ய? எந்த ஊரு முட்டேன்னு கேப்பாங்க. திருநெல்வேலின்னு சொல்லுவேன். அது சாத்தாரா பக்கமான்னு கேப்பாங்க."

"சிரிக்காத."

"நான் சிரிக்கலப்பா." அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். கீழே தெருமுனையில் கட்சி ஃப்ளெக்ஸ். நாலு வேட்பாளர்கள் கைகூப்பி நிற்க, அடியில் எங்களைப் போன்ற தொண்டர்களின் தலைகள் சின்னச் சின்ன வட்டங்களில். "அதுல உங்க போட்டோ கீழ என்ன எழுதியிருக்கு?"

நானும் எழுந்து போய் எட்டிப் பார்த்தேன்.

"முத்து அண்ணா. மராட்டில. அதுல சுடலை எங்கப்பா போனாரு?"

ஃப்ளெக்ஸ் அடிக்கும்போது வசந்த் பாவு போன் செய்து, இடம் போதவில்லை, முத்து அண்ணா என்று போட்டுவிடட்டுமா என்று கேட்டார். போடுங்க போடுங்க, படம் நல்லா விழுந்திருக்கா என்று கேட்டேன். அது இப்போது ஞாபகம் வந்தது. எள்ளுருண்டை பல்லில் ஒட்டிக்கொண்டு போகவும் மாட்டேன் வரவும் மாட்டேன் என்றது.

லட்சுமி அடுப்படி வாசலில் வந்து நின்றாள். "ரெண்டு பேரும் பேசுதத நிப்பாட்டுங்க. நான் எங்க அப்பா பேர விட்டுட்டு உங்க பேரப் போட்டுக்கிட்டு இந்த ஊருக்கு வந்தேன். அன்னிக்கு யாரு அழுதா?"

சீட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாலா பக்கம் திரும்பினேன்.

"ஓட்டுக்கு வருவியா மாட்டியா?" என்றேன் கடைசியில்.

"எனக்குக் காலைல ஆபீஸ் கால் இருக்கு. பாக்கேன்."

பாக்கேன் என்றால் எங்கள் வீட்டில் வரவில்லை என்று அர்த்தம். கோயிலுக்கும் முதலில் 'பாக்கேன்' என்றுதான் ஆரம்பித்தாள்.

5

அன்றிரவு படுக்கும்போது அப்பா ஞாபகம். எங்கள் ஊரில் ஓட்டுச்சாவடி பள்ளிக்கூடத்தில். என் முதல் ஓட்டுக்கு அப்பாதான் கூட வந்தார். சீட்டும் இல்லை, கையில் ஒரு தாளும் இல்லை. உள்ளே உட்கார்ந்திருந்தவர்களில் இரண்டு பேர் எங்கள் தெருக்காரர்கள். அதிகாரி வாயைத் திறப்பதற்குள் அவர்களே "பேச்சிமுத்து மகன் சுடலைமுத்து" என்று சொல்லிப் பட்டியலில் கோடு போட்டுவிட்டார்கள். அப்பா என் முதுகில் கைவைத்து, "போ, போட்டுட்டு வா" என்றார். அவ்வளவுதான். பெயர் என்பது நாம் சொல்வதற்கு முன்னால் மற்றவர்களுக்குத் தெரிந்திருக்கிற ஒன்று என்று அப்போது நினைத்திருந்தேன். அந்த மாதிரி இடத்தில் இருப்பவனுக்குப் பெயர் பாரமே இல்லை. இங்கே சுமக்க வேண்டியிருந்தது, நான் பாதியை இறக்கி வைத்தேன், சுமையை என் பிள்ளை பள்ளிக்கூடத்தில் சுமந்திருக்கிறது. அது எனக்குத் தெரியாமல் போயிற்று. முருகா என்று திரும்பிப் படுத்தேன்.

6

பொங்கலன்று விடிகாலையிலேயே கட்சி மேசையைப் போட்டாயிற்று. ஓட்டுச்சாவடி மாநகராட்சிப் பள்ளிக்கூடம். சட்டப்படி விட வேண்டிய தூரம் விட்டு, வேப்பமரத்தடியில் மேசை, நாலு நாற்காலி, பட்டியல். வருகிறவர்களுக்கு எண் பார்த்துச் சொல்ல வேண்டும், வராதவர்களுக்குப் போன் போட வேண்டும். பொங்கல் வைத்துவிட்டு வருகிறோம் என்று தமிழர்கள் எல்லாரும் சொல்லிவிட்டதால் காலையில் கூட்டமில்லை. வசந்த் பாவுக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணா, உன் ஆளுங்க எங்க?"

"பானை பொங்கணும் பாவு. பொங்கினாத்தான் வருவாங்க."

"எப்பப் பொங்கும்?"

"அது அடுப்பக் கேக்கணும்."

பத்து மணிக்குமேல் புதுச் சேலையும் நெற்றியில் திருநீறுமாக வர ஆரம்பித்தார்கள். இசக்கியக்கா உள்ளே போய் வெகுநேரம் வரவில்லை. பிறகு வெளியே வந்து என் காதில், "நாலும் போட்டுட்டேன்டா தம்பி. சாமி மன்னிக்கட்டும்" என்றார்.

நானும் வீட்டுக்குப் போய்ப் பானையைக் கும்பிட்டுவிட்டு லட்சுமியைக் கூட்டிக்கொண்டு வந்தேன். மாலாவின் அறைக் கதவு சாத்தியிருந்தது, உள்ளே இங்கிலீஷ் கேட்டது. தட்டவில்லை. ஊரெல்லாம் கதவைத் தட்டினவன், அந்த ஒரு கதவைத் தட்டவில்லை. சீட்டை மட்டும் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்தேன்.

வரிசையில் நின்று பாதி தூரம் போயிருப்போம். லட்சுமிதான் முதலில் பார்த்தாள். "இந்தா வாறா." மாலா அவசர அவசரமாக வந்துகொண்டிருந்தாள். ஆபீஸ் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, நெற்றியில் திருநீறு. லட்சுமி வைத்துவிட்டிருக்க முடியாது, லட்சுமி என்னோடு இருந்தாள்.

"பதினஞ்சு நிமிசம்தான் இருக்கு. கால் நடுவுல வந்தேன்" என்று சொல்லி எங்களுக்கு முன்னால் நுழைந்துகொண்டாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். குடும்பம்தான் என்று லட்சுமி சைகை காட்டினாள்.

உள்ளே முதல் மேசையில் இருந்த அதிகாரி சீட்டை வாங்கி, கட்சி ஏஜெண்டுகளுக்குக் கேட்கிற மாதிரி பெயரைச் சத்தமாக வாசிப்பார். அவர்கள் தங்கள் பட்டியலில் கோடு போடுவார்கள். மாலாவின் சீட்டை வாங்கினார்.

"முட்டே... மாலா..." நிறுத்தினார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "சுட்... சுட்லய்..."

ஏஜெண்டு ஒருவன் குனிந்த தலை நிமிராமல், "காய் சுட்லய் சாஹேப்?" என்றான். பக்கத்திலிருந்தவன் தோள் குலுங்கியது.

முட்டே மாலா என்ற இரண்டு சொல்லோடு நின்றுவிட்டவன் நான். இந்த ஊர்ப் பட்டியலில் மூன்றாவதாக அப்பன் பெயர் வரும் என்று எத்தனை பேருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். என் மகள் சீட்டில் அந்த மூன்றாவது சொல்லை நான் வாசிக்கவே இல்லை.

மாலா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. மராட்டியில், ஒவ்வொரு எழுத்தாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி சொன்னாள்.

"சுட்லய் இல்ல சார். சுடலைமுத்து. ஒரே சொல்லு. என் அப்பா பேரு. அது சாமி பேரு, சரியா வாசிங்க."

அதிகாரி நல்ல மனுஷன். விரலை எழுத்தின் கீழ் வைத்துக்கொண்டு, "சு-ட-லை-முத்து" என்றார். பிறகு ஏஜெண்டுகள் பக்கம் திரும்பி, முழுதாகச் சத்தமாக வாசித்தார்.

"முட்டே மாலா சுடலைமுத்து."

கோடு போடுகிற சத்தம் கேட்டது. அவள் விரலில் மை வைத்துக்கொண்டு அட்டை மறைப்புக்குப் பின்னால் போனாள்.

அடுத்து லட்சுமி. அடுத்து நான். அதிகாரி என் சீட்டைப் பார்த்தார். அதில் நான் பழையபடி, ஆட்நாவ் கட்டத்தில் சுடலை, பெயர்க் கட்டத்தில் முத்து, நடுவில் ரேஷன் ஆபீசில் விழுந்த இடைவெளி. இப்போது தடுமாறாமல் வாசித்தார். பிறகு தலையைத் தூக்கி, மாலா போன பக்கம் கண்ணைக் காட்டினார்.

"அண்ணா, அவங்க உங்க மகளா? ஆட்நாவ் வேற வேறயா இருக்கே?"

அந்த முதல் நாள் ரேஷன் ஆபீசில் நின்றதுபோலத்தான் நின்றேன். ஆனால் இந்தத் தடவை நாக்கு வாய்க்குள்ளேயே இருந்தது, சொல்லும் வந்தது.

"பேரு ஒண்ணுதான் சாஹேப்" என்றேன். "முழுசா அவகிட்ட இருக்கு."

மறைப்புக்குப் பின்னால் மெஷின் நீளமாகக் கத்தியது. மாலா நாலும் போட்டுவிட்டாள்.